பூட்டிக் கிடந்த குளியலறையும் வற்றிப்போன இரண்டு அங்குலத் தண்ணீரும்

அம்மா இறந்த பிறகு கீழ்த்தளத்தில் இருந்த அவரது அறையைப் பூட்டிவிட்டேன். கதவைத் திறந்தாலே அழுகை வந்தது. பத்து வயது மகளின் முன்னால் ஓயாமல் அழ வேண்டாம் என்று நினைத்தேன். அறையோடு சேர்ந்த குளியலறையும் அப்படியே பூட்டிக் கிடந்தது. வீட்டில் பெரியவள் நான் ஒருத்திதான் என்பதால், நானும் மகளும் மாடியில் இருக்கும் அறையோடும் குளியலறையோடும் வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டோம். ஒரு குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்றுகூட யாரும் சொன்னதில்லை. அந்த அறியாமைக்கு ஏழு வாரங்களையும், ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளத்தையும், திரும்பக் கிடைக்காத சில பொருள்களையும் கொடுத்திருக்கிறேன். இதே நிலையில் இன்னொருவர் திண்டாடக் கூடாது என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூட்டி ஒன்றரை மாதம் இருக்கும். ஓர் இரவு தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியபோது அழுகிய முட்டை போன்ற ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. எலி செத்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் அலமாரிகளை நகர்த்தி, பரணை ஒழித்து, மூலை முடுக்கெல்லாம் தேடினேன். எலி பிடிப்பவர் ஒருவரும் வந்து பார்த்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார். எலி இல்லை. அடுத்து, சுவரில் ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுக் கூடத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தேன். பெயின்ட் வாடை இருந்த நான்கு நாள்களும் நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் நாள் பழைய நாற்றம் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாற்றம் எனக்கு எல்லா நேரமும் தெரியவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது குப்பென்று அடிக்கும். பத்து நிமிடத்தில் மறைந்துவிடும். போய்விட்டது என்று நினைப்பேன். உண்மையில் மூக்குத்தான் பழகிப்போயிருந்தது. கழிவுநீர்க் குழாயிலிருந்து வரும் காற்றில் அந்த முட்டை நாற்றத்தைக் கொடுப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும். ஆனால் அளவு மிகவும் கூடினால் முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டது என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதோடு சேர்ந்து வரும் மீத்தேனுக்கு வாசனையே கிடையாது, அது தீப்பற்றக்கூடியது. எங்கிருந்து நாற்றம் வருகிறது என்று பார்க்க வடிகால் வாயில் தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியிலிருந்து வந்த ஒருவரை வீட்டுக்குள் நடக்கச் சொல்லி, எந்த இடத்தில் அதிகம் அடிக்கிறது என்று கேளுங்கள். எந்த நேரத்தில், மழை பெய்த பிறகா, மாடியில் ஃப்ளஷ் செய்த பிறகா, காற்று வெளியேற்றும் மின்விசிறி ஓடும்போதா என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான் குறித்து வைத்திருந்தால் நான்கு வாரம் மிச்சமாகியிருக்கும்.

என் வீட்டில் அப்படி வெளியிலிருந்து வந்து சொன்னது மகளின் தோழி. வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்று மாலை மகள், "பாட்டி அறையிலிருந்துதான் நாற்றம் வருகிறது, அம்மா. உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது" என்றாள். அவள் அதை இரண்டு வாரமாகத் தனக்குள் வைத்திருந்தாள் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. பூட்டைத் திறந்தேன். உள்ளே நிற்க முடியவில்லை.

முதலில் வந்த பிளம்பர், நாங்கள் புழங்கும் மாடிக் கழிப்பறையை மட்டும் பார்த்தார். கோப்பையின் அடியில் இருக்கும் சீல் போய்விட்டது என்று சொல்லிக் கழற்றி மாட்டினார். அது உண்மையிலேயே நாற்றம் வரக்கூடிய இடம்தான். கோப்பை ஆடினாலோ, அடியில் நீர் கசிந்தாலோ அங்கே சந்தேகப்படலாம். எங்கள் கோப்பை ஆடவும் இல்லை, கசியவும் இல்லை. பணம் போனது. இரண்டாவதாக வந்தவர் அம்மாவின் குளியலறையில் அடைப்பு நீக்கும் திராவகம் ஊற்றி, பின்னாலேயே வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார். நாற்றம் நின்றது. அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். நான்காம் நாள் மீண்டும் வந்தது. அவரை மறுபடி அழைத்தபோது, வாஷ்பேசினுக்குக் கீழே இருந்த ட்ராப் (தண்ணீர் தங்கி நிற்கும் வளைந்த குழாய்) போதாது, இன்னொன்று சேர்த்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று சொல்லி இரண்டாவது ட்ராப் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். அதன் பிறகு வாஷ்பேசினில் விட்ட தண்ணீர் இறங்கவே மறுத்தது. நாற்றம் அப்படியே இருந்தது.

மூன்றாமவர் தரை முழுவதையும் உடைத்துக் குழாய்களை மாற்ற வேண்டும் என்றார். சோர்வில் முன்பணம் கொடுத்துவிட்டேன். அவர் தேதி தள்ளிக்கொண்டே போனார். அந்த இடைவெளியில் நானே ஒரு வேலை செய்தேன். தரையில் இருந்த வடிகால் வாயைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். நாற்றம் குறைந்தது. துணிச்சல் வந்து, அம்மாவின் பொருள்களைப் பிரித்து வைக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளை வெளியே எடுத்துத் தரையில் பரப்பினேன். துணிகள் ஒரு பெட்டியில், கடிதங்களும் புகைப்பட ஆல்பமும் இன்னொன்றில்.

மூன்று நாள் கழித்து இரவு பெருமழை பெய்தது. காலையில் கீழே வந்தபோது அந்த அறையில் கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் நின்றது. செங்கல் ஒரு பக்கம், பிளாஸ்டிக் தாள் ஒரு பக்கம். கழிவு, காகிதம், இலைச் சருகு எல்லாம் கலந்து மிதந்தன. கடிதப் பெட்டி அட்டைப் பெட்டி. அடிப்பாகம் ஊறிப் பிளந்திருந்தது. முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் கையுறை மாட்டி, அம்மாவின் கையெழுத்து கரைந்து ஊதா நிறமாக ஓடியதைப் பார்த்துக்கொண்டே வாரி வாளியில் போட்டேன். அன்று வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த மூன்று நாளும் போகவில்லை. மெத்தை, அலமாரியின் கீழ்ப்பலகை, துணிகள், கடிதங்கள் போய்விட்டன. கழிவுநீர் பட்ட காகிதத்தையும் மெத்தையையும் காப்பாற்ற முயல வேண்டாம் என்று சொன்னார்கள். மனம் கேட்கவில்லை என்றாலும் கேட்டுக்கொண்டேன். ஆல்பம் மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்ததால் பாதி தப்பியது.

அந்த வாரம்தான் நான்காவதாக ஒரு முதியவர் வந்தார். கையில் ஒரு டார்ச் விளக்கு மட்டும் இருந்தது. நான் சொன்னதை இடைமறிக்காமல் முழுவதும் கேட்டார். பிறகு குளியலறைத் தரையில் உட்கார்ந்து, வடிகால் மூடியைக் கழற்றி, டார்ச்சை உள்ளே அடித்து, "இங்கே பாருங்கள் அம்மா, தண்ணீர் மின்னுகிறதா?" என்றார். குனிந்து பார்த்தேன். மின்னவில்லை. கிண்ணம் போன்ற அந்தக் குழிவில் சேறு படிந்து, அதன் மேல் இரண்டு மயிரிழைகள் விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கின. "வெள்ளம் வந்து வடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் எப்படி வற்றும்? ஆவியாகிப் போகவில்லை அம்மா, யாரோ உறிஞ்சுகிறார்கள்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை என் வார்த்தைகளில் எழுதுகிறேன். வீட்டின் ஒவ்வொரு வடிகாலும், அது வாஷ்பேசினாக இருந்தாலும் தரையாக இருந்தாலும் கழிப்பறைக் கோப்பையாக இருந்தாலும், கடைசியில் சாக்கடையோடு திறந்த வழியாகத்தான் சேர்கிறது. சாக்கடைக் காற்றுக்கும் நமக்கும் நடுவே கதவு எதுவும் கிடையாது. இருப்பது ஒரு வளைவும் அதில் தங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீரும்தான். அந்த வளைவைத்தான் ட்ராப் என்கிறோம். அதில் காற்றைத் தடுத்து நிற்கும் தண்ணீரின் ஆழம் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். கழிப்பறைக் கோப்பையில் நாம் பார்க்கும் தண்ணீரும் இதே வேலையைத்தான் செய்கிறது. கோப்பையின் உடலிலேயே வளைவு அமைந்திருக்கிறது. 1775-இல் கழிப்பறைக்கு இந்த எஸ் வடிவ வளைவைச் சேர்த்துக் காப்புரிமை வாங்கிய அலெக்ஸாண்டர் கம்மிங் ஒரு கடிகாரம் செய்பவர். இருநூற்றைம்பது ஆண்டுகளாக அதே இரண்டு அங்குலத் தண்ணீர்தான் காவல் நிற்கிறது. அது வற்றினால் வளைவு வெறும் குழாய்.

வற்றுவதற்கு முதல் காரணம் புழங்காமல் விடுவது. சில வாரங்கள் போதும். வெப்பமும் வறட்சியும் கூடுதலாக இருந்தால் இன்னும் விரைவாக. பூட்டிய குளியலறை, விருந்தினர் அறை, யாரும் கழுவாத பால்கனி வடிகால், ஈரத் துணியால் மட்டும் துடைக்கும் தரை எல்லாம் இதில் சேரும். என் வீட்டில் முதல் நாற்றம் இப்படித்தான் வந்தது. வாரத்துக்கு ஒருமுறை தரையில் இரண்டு குவளை, வாஷ்பேசினில் ஒரு குவளை, கழிப்பறையில் ஒரு ஃப்ளஷ் என்று செய்திருந்தாலே போதும். நீண்ட காலம் ஊருக்குப் போகிறவர்கள் தண்ணீரை நிரப்பிய பின் அதன் மேல் ஓரிரு கரண்டி மினரல் எண்ணெய் விட்டால், மேலே படலமாக மிதந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும். சமையல் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துத் தானே நாறும் என்பதால் அது வேண்டாம் என்றார் பெரியவர். அந்த மயிரிழைகளும் சும்மா இருக்கவில்லை. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றின் வழியே தண்ணீர் ஏறி விளிம்பைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாக வெளியேறிவிடும். மூடியைக் கழற்றி முடி, நூல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது காரணத்தைத்தான் மூன்று பேரும் தவறவிட்டார்கள். பெரியவர் என்னை மாடிக்குப் போய் ஃப்ளஷ் செய்யச் சொன்னார். நான் செய்துவிட்டுக் கீழே வந்தேன். வாஷ்பேசின் பக்கம் கையைக் காட்டி, "கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. அவரை மாடிக்குப் போகச் சொல்லிவிட்டு நான் கீழே காதை வைத்தேன். மேலே தண்ணீர் இறங்கிய சத்தம் குழாயில் கடந்து போன மறுகணம், தரை வடிகாலிலிருந்து களக், களக் என்று இரண்டு விக்கல். யாரோ ஒருவர் உள்ளிருந்து ஒரு மிடறு குடித்ததுபோல இருந்தது. குழாயில் வேகமாக இறங்கும் தண்ணீர் தனக்கு முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும், பின்னால் காற்றை இழுக்கும். அதற்குக் காற்று கொடுக்கத்தான் நின்ற குழாயின் தலையை மொட்டைமாடிக்கு மேலே திறந்து விட்டிருப்பார்கள். வென்ட் என்பது அதுதான். அந்த வாய் அடைபட்டால், தண்ணீர் தனக்கு வேண்டிய காற்றை அருகில் இருக்கும் ட்ராப்களிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கூடவே அதிலிருக்கும் தண்ணீரும் போய்விடும்.

மொட்டைமாடிக்குப் போனோம். முந்தைய ஆண்டு மேல்தளத்துக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு செய்தவர்கள், நின்றுகொண்டிருந்த குழாயை வேண்டாத குழாய் என்று நினைத்து அறுத்து, மூடி போட்டு, மேலே பூச்சும் பூசியிருந்தார்கள். அந்த வேலை நடந்தபோது நான் அங்கேதான் நின்றேன். குழாய் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. மேல்தளத்தில் என்ன வேலை நடந்தாலும் முதல் நாளும் கடைசி நாளும் அந்தக் குழாயைப் போய்ப் பாருங்கள். தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குருவிக் கூடும் சருகும்கூட அதை அடைக்கும். கம்பி வலை போடலாம், மூடக் கூடாது.

என் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நானே ஒரு சோதனை செய்தேன். இதை யாரும் வீட்டில் செய்யலாம், செலவே இல்லை. தரை ட்ராப்பை முடி எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்து முழுவதுமாக நிரப்பினேன். ஒரு மெல்லிய மரக்குச்சியை நேராக உள்ளே விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். ஓர் இரவு முழுவதும் மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் காலையில் மீண்டும் குச்சியை விட்டேன். அதே கோடு. பிறகு மகளை மாடியில் ஃப்ளஷ் செய்யச் சொன்னேன். கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே ஈரம் நின்றது. இன்னொரு முறை ஃப்ளஷ். இன்னும் கீழே. இரவில் யாரும் தண்ணீர் புழங்காமலே மட்டம் இறங்கியிருந்தால் ட்ராப்பில் விரிசல் என்று பொருள். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கினால் ஆவியாதல். வேறெங்கோ தண்ணீர் விட்டவுடன் இறங்கினால் வென்ட். இந்த மூன்றையும் பிரித்தறிய அந்தக் குச்சி போதும். தரையை உடைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் குச்சியை எடுங்கள்.

இரண்டாவது பிளம்பர் சேர்த்த கூடுதல் ட்ராப்பைப் பெரியவர் கழற்றிக் கையில் கொடுத்தார். ஒரே வழியில் இரண்டு ட்ராப் வைத்தால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். முன்னும் போகாது, பின்னும் வராது, தண்ணீர் அதைத் தள்ள முடியாமல் நிற்கும். அதனால்தான் ஒரு வடிகாலுக்கு ஒரு ட்ராப் என்பது விதி. வாஷ்பேசினுக்குக் கீழே எஸ் வடிவில் வளைந்து நேராகத் தரைக்குள் இறங்கும் பழைய ட்ராப் இருந்தால் அதையும் மாற்றிவிடச் சொன்னார். நிறைத்துத் திறந்துவிட்ட தண்ணீர் போகிற வேகத்தில் தன் கடைசிச் சொட்டையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும் அமைப்பு அது. பல நாடுகளின் கட்டட விதிகள் புதிய வேலையில் அதை அனுமதிப்பதில்லை. சுவருக்குள் பக்கவாட்டில் போகும் பி ட்ராப் போட்டோம்.

வெள்ளம் எப்படி வந்தது என்பது இன்னும் தெரியாமல் இருந்தது. அதற்குப் பெரியவர் ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயில் ஊற்றச் சொன்னார். அவர் கீழே கழிவுநீர்ச் சேம்பரின் (வீட்டின் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டியின்) மூடியை நகர்த்தி, தள்ளி நின்று பார்த்தார். நீலத் தண்ணீர் நேராகச் சாக்கடைச் சேம்பருக்குள் வந்து விழுந்தது. வீட்டைக் கட்டியவர்கள் மழைநீர்க் குழாயைத் தனியாகக் கொண்டுபோகும் செலவை மிச்சப்படுத்த, சேம்பரிலேயே இணைத்திருக்கிறார்கள். நடுவில் ட்ராப்பும் இல்லை. மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் சில இரவுகளில் அடித்த நாற்றத்துக்கும் விடை கிடைத்தது. மழைநீர்க் குழாயின் மேல்வாய் சாக்கடைக்கு ஒரு புகைபோக்கி போல வேலை செய்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மேல்தளத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் 5,000 லிட்டர். ஒரு ஃப்ளஷுக்கு 6 லிட்டர் என்றால், ஒரு மணி நேரத்தில் 800 முறைக்கு மேல் ஃப்ளஷ் செய்வதற்குச் சமம். இவ்வளவையும் வீட்டின் கழிவுநீருக்காகப் போட்ட ஒரே குழாய் சுமக்க வேண்டும். வெளியே சாக்கடையும் நிரம்பி நிற்கும் இரவில் அந்தத் தண்ணீர் போக வழி தேடும். வீட்டிலேயே தாழ்ந்த வாய் எதுவோ அங்கே பொங்கும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் குளியலறைத் தரை. என் செங்கல்லும் பிளாஸ்டிக் தாளும் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

ட்ராப்பில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் அந்த வெள்ளம் நின்றிருக்காது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு அங்குலத் தண்ணீர் காற்றைத்தான் தடுக்கும். திரும்பி வரும் கழிவுநீரைத் தடுக்காது. அதற்கு வேண்டியது ஒருவழி வால்வு. தண்ணீர் வெளியே போகும்போது திறந்து, எதிர்த்து வரும்போது மூடிக்கொள்ளும் மடல் அதில் இருக்கும். அதைப் போடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் அதற்கு உட்புறமாக எந்தெந்தக் குழாய்கள் சேர்கின்றனவோ அவற்றின் தண்ணீருக்கும் வெளியேற வழி இருக்காது. மாடியில் நீங்கள் குளித்த தண்ணீரே கீழ்த்தளத்தில் பொங்கும். ஆகவே தாழ்ந்த வாய்கள் உள்ள கிளைக்குழாயில் மட்டும் வால்வைப் பொருத்தி, மாடியிலிருந்து வரும் குழாயை வால்வைத் தாண்டி இணைக்க வேண்டும். மடலில் நூலோ காகிதமோ சிக்கினால் முழுவதும் மூடாது என்பதால், திறந்து பார்க்க மூடியுள்ள வால்வாகவே வாங்குங்கள்.

மழைநீரை நாங்கள் சாக்கடையிலிருந்து முற்றிலும் பிரித்துத் தெருவின் மழைநீர் வடிகாலுக்குத் திருப்பிவிட்டோம். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய் உள்ள இடங்களில் அதுதான் சரி. அப்படித் தனியாகப் போகும் மழைநீர்க் குழாய்க்குப் பொதுவாக ட்ராப் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் மறுமுனையில் கழிவு இல்லை. இரண்டும் ஒரே குழாயில் போகும்படி ஊரே அமைந்திருந்தால் பிரிக்க முடியாது. அங்கே மழைநீர்க் குழாய் கழிவுநீரோடு சேரும் முன் ஒரு ட்ராப் கட்டாயம் வேண்டும். சருகு, மண் வாரி எடுக்க மூடியும் வேண்டும். மழை இல்லாத மாதங்களில் அந்த ட்ராப்பும் வற்றும் என்பதை மறந்துவிடக் கூடாது. கோடையில் அதற்கும் ஒரு வாளி ஊற்ற வேண்டும்.

மகள் தூங்கிய பிறகு இதைப் பற்றியெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது அங்கே 300-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டு 42 பேர் இறந்தார்கள். விசாரித்தவர்கள் சுட்டிக்காட்டியவற்றுள் முக்கியமானது குளியலறைத் தரையில் இருந்த வற்றிய ட்ராப்கள். ஈரத் துணியால் துடைத்து வந்ததால் தரை வடிகாலுக்குத் தண்ணீர் போகவில்லை; காற்று வெளியேற்றும் மின்விசிறி ஓடும்போது, கழிவுநீர்க் குழாயில் இருந்த நுண்துளிகளை அந்த வற்றிய வாய்கள் வழியே வீட்டுக்குள் இழுத்திருக்கிறது. அன்றிரவு எழுந்து போய் என் வீட்டின் எல்லா வடிகால்களிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து படுத்தேன். மகளுக்கு அந்த வாரங்களில் வந்த தலைவலிக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் நாற்றத்தை ஊதுபத்தியாலும் வாசனைத் திரவத்தாலும் மறைத்துக்கொண்டு ஐந்து வாரம் அவளை அந்தக் காற்றில் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

பெரியவர் கோபப்பட்டது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, திராவகம். அடைப்பு நீக்கும் அமிலத்தை ஊற்றிய வடிகாலில் பிளீச்சிங் பவுடர் கரைசலைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளை மயக்கிவிடும். இரண்டாவது பிளம்பர் திராவகம் விட்டதற்கு மறுநாள், கிருமி போகட்டும் என்று நான் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டு போனேன். தொலைபேசி அடித்ததால் வாளியை வைத்துவிட்டு வந்தேன், பிறகு மறந்துவிட்டேன். அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. இன்னொன்று, சேம்பரையோ கழிவுநீர்த் தொட்டியையோ திறந்து குனிந்து எட்டிப் பார்ப்பது. "உள்ளே விழுந்த செருப்பை எடுக்கக்கூட இறங்கக் கூடாது, அம்மா. இறங்கியவனைக் காப்பாற்ற இறங்கியவனும் திரும்பி வந்ததில்லை" என்றார். எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறாரோ, அதற்கு மேல் அவர் பேசவில்லை.

அவர் செய்த வேலையின் கூலியைச் சொல்ல வேண்டும். வென்ட் குழாயை உயர்த்தி வலை போட்டது, கூடுதல் ட்ராப்பைக் கழற்றியது, பி ட்ராப் மாட்டியது எல்லாம் சேர்த்து முதல் பிளம்பருக்கு நான் கொடுத்ததைவிடக் குறைவு. அரை நாள் வேலை. மழைநீரைத் திருப்பியதும் வால்வும்தான் பெரிய செலவு, அதற்கு நான்கு நாள் ஆனது. பெயின்ட், எலி, திராவகம், திரும்பி வராத முன்பணம், மெத்தை, இழந்த சம்பளம் இவற்றோடு ஒப்பிட்டால் அந்தப் பெரிய செலவும் பாதிக்குக் கீழேதான். வேலை முடிந்ததும் வீட்டின் எல்லாக் குழாய்களையும் ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். எது எங்கே சேர்கிறது, வால்வு எங்கே, வென்ட் எது என்று அதில் இருக்கிறது. புதிதாக வீடு வாங்குகிறவர்களும் வாடகைக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டுப் பெறலாம். இல்லையென்றால் ஒரு வாளி நீலத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம்.

அம்மாவின் அறை இப்போது பூட்டியில்லை. தப்பிய புகைப்படங்களைக் காயவைத்து, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வைத்திருக்கிறேன். மகள் அங்கே மேசை போட்டுப் படிக்கிறாள். சனிக்கிழமைதோறும் குவளையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போவதும் அவள்தான். குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, "கோட்டில் இருக்கிறது, அம்மா" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். மழைக்காலத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வால்வின் மூடியைத் திறந்து மடலைக் கழுவ வேண்டும்; அதற்கு முன் மொட்டைமாடிக் குழாயின் வலையில் சேர்ந்திருக்கும் சருகை எடுத்தாக வேண்டும்.